இரண்டாவது பரிந்துரை

ராஜபாளையத்துப் பக்கமிருந்து பிழைக்க வந்த சந்தனத்தின் மகள் நாகஜோதி. நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் கம்பெனியில் தைத்துக்கொண்டே அஞ்சல் வழியில் பட்டம் வாங்கியவள். இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் சர்வதேச வளர்ச்சி முதுகலைக்கு விண்ணப்பித்திருந்தாள். பட்டம் இருந்தது, ஆங்கிலத் தேர்வில் மதிப்பெண் இருந்தது, பேராசிரியரின் பரிந்துரையும் வந்துவிட்டது. வேலை பார்க்கும் இடத்திலிருந்து இன்னொரு பரிந்துரைதான் பாக்கி.

"ஆடிட் நல்லபடியா முடியட்டும் கண்ணு, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்றார் மேனேஜர் சென்னியப்பன்.

அதற்காக, தொழிலாளர்களை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்க்க ஆடிட்டுக்கு வருகிறவர்கள் கேட்டால் சொல்ல வேண்டிய பொய்களை, கூடத் தைக்கும் ஒடிசாப் பெண்களுக்கு இந்தியில் மனப்பாடம் செய்வித்தாள். இங்கே யாரும் அடிப்பதில்லை. இங்கே யாரும் திட்டுவதுகூட இல்லை.

அவர்களில் சுமித்ரா மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டாள்.

ஆடிட் கார் கேட்டைத் தாண்டியதும் சென்னியப்பன் அவள் சடையைப் பிடித்திழுத்து முகத்தைத் தையல் மெஷினில் மோதினார். பல் உடைந்து வெள்ளைத் துணியெல்லாம் ரத்தம். லைனில் இருந்த அத்தனை பேரும் குனிந்த தலை நிமிராமல் தைத்தார்கள், மானங்கெட்ட மெஷின் ஒன்றுகூட நிற்கவில்லை.

"இவளுக்கு என்னத்தடி சொல்லிக் குடுத்தே?" என்று நாகஜோதியைப் பார்த்துக் கத்திவிட்டு மறுபடி சுமித்ராமேல் கையை ஓங்கினார்.

"நான் சொல்லிக் குடுக்காததத்தான்யா அவ சொன்னா!"

கட்டிங் டேபிளில் கிடந்த இரும்பு ஸ்கேலை எடுத்து அந்தக் கையில் போட்டாள் ஒரு போடு. மணிக்கட்டு முறிந்து தொங்கியது.

கையெழுத்துப் போட வேண்டிய கை அது. தெரிந்துதான் இன்னொரு முறையும் அடித்தாள்.