அப்பா எழுதிய காப்பி நோட்டு

எழுதுவது என்றால் சின்ன வயதில் எனக்கு வேப்பங்காய். மூன்றாம் வகுப்பில் எங்கள் டீச்சர் தினமும் ரெட்டைக் கோடு நோட்டில், பக்கத்தின் தலையில், சிவப்பு மையால் ஒரு வரி எழுதித் தருவார். அதைப் பார்த்து அதே வரியைக் கீழே பத்து முறை எழுதிக்கொண்டு போக வேண்டும். ‘அணில் மரத்தில் ஏறியது’ என்று ஒரு தடவை எழுதினால் போதாதா, அந்த அணிலை எதற்குப் பத்துத் தடவை ஏற்றி இறக்க வேண்டும் என்று எனக்கு ஆத்திரமாக வரும். என் எழுத்துகளும் சொன்ன பேச்சுக் கேட்காதவை. கோட்டுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று சந்தைக்கு வந்த ஆடுகளைப் போல நிற்கும்.

அப்படி ஒரு சாயங்காலம் நான் நோட்டை வைத்துக்கொண்டு மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தபோதுதான் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் அப்போது அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்றும் லோடுமேன். என்னதான் தேய்த்துக் குளித்தாலும் காது மடலில் கொஞ்சம் சிமெண்ட் மிச்சமிருக்கும். அன்று நோட்டைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தானே எழுதித் தருவதாகச் சொன்னார். அம்மாவிடம் மட்டும் மூச்சு விடக்கூடாது என்றார்.

கரும்பு தின்னக் கூலியா என்று நான் பென்சிலைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

அன்று முதல் அம்மா மாட்டைக் கறந்து சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போய்வரும் அரைமணி நேரம் எங்களுடையதாயிற்று. அப்பா சம்மணம் போட்டு உட்கார்ந்து, மூட்டை தூக்கிக் காய்த்துப்போன விரல்களுக்குள் பென்சிலைச் சிறைப்பிடித்து எழுதுவார். முதல் வாரத்திலேயே இரண்டு பென்சில் உடைந்தது. இந்த எழுத்தை எங்கிருந்து ஆரம்பிப்பது, சுழி முதலில் வருமா கோடு முதலில் வருமா என்று போகிறபோக்கில் கேட்பதுபோல் என்னிடம் கேட்பார். நான் கல்லாங்காய் ஆடிக்கொண்டே, எங்கள் டீச்சரின் குரலில் அதட்டிச் சொல்லுவேன். அவர் பணிவாகத் தலையாட்டுவார். ஊரில் எந்தப் பிள்ளைக்கும் கிடைக்காத வேலையாள் எனக்குக் கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

உண்மை எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அப்பா இரண்டாம் வகுப்போடு நின்றவர். ஆனால் பெண் பார்க்கப் போன இடத்தில், பெரியவர்கள் அவரைக் கேட்காமலே வாயாலேயே எட்டாவது வரை படிக்க வைத்துவிட்டார்கள். அம்மா பத்தாவது பாஸ். கீழப்பழுவூரைச் சுற்றியிருக்கும் எங்கள் சொந்தத்தில் யாருக்காவது மனு எழுத வேண்டுமென்றால் அம்மாவைத்தான் தேடி வருவார்கள். அப்படிப்பட்டவளிடம் கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து எப்படிச் சொல்லுவது? பேப்பரை நீட்டினால் கண் எரிகிறது, நீயே வாசி என்று சொல்லியே அப்பா காலத்தை ஓட்டிவிட்டார். இப்போது முதுகு வலி வந்துவிட்டது. எழுதத் தெரிந்த ஆளாக இருந்தால் கேட்டில் உட்கார்ந்து லாரி நம்பரும் டிரைவர் பெயரும் எழுதும் வேலைக்கு மாற்றிவிடுவதாக சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அம்மாவுக்குத் தெரியாமல் எழுதப் பழக அவருக்கு வேறு பள்ளிக்கூடம் ஏது? என் நோட்டுதான் இருந்தது.

மூன்று மாதத்தில் அப்பாவின் எழுத்து கோட்டுக்குள் வந்துவிட்டது. அவர் டீச்சரின் வரியைப் பார்த்து அப்படியே எழுதுகிறவரல்லவா, டீச்சர் ‘ழ’வுக்குப் போடும் நீண்ட வால்கூட அச்சாக அவருக்கும் வந்தது. அதுதான் வினை. வகுப்பில் நான் எழுதுவது கோழிக் கிறுக்கல். வீட்டிலிருந்து வருவது டீச்சரின் சொந்தக் கையெழுத்து. டீச்சர் இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள், வழக்கமாக வரி எழுதித் தரும் இடத்தில், அதே சிவப்பு மையால், ‘பெற்றோர் நாளை நேரில் வரவும்’ என்று எழுதி அனுப்பிவிட்டார்.

மணி அடித்த அவசரத்தில் நான் நோட்டைத் திறந்தே பார்க்கவில்லை. அப்பா திறந்தார். பக்கத்தின் தலையில் ஒரு வரி இருந்தது. அதைப் பத்து முறை எழுதினார். மிக அழகாக எழுதினார்.

மறுநாள் டீச்சர் அந்தப் பக்கத்தை என் முன்னால் விரித்து வைத்தார். பிறகு, என்னைக் கேலி செய்கிறாயா என்று கேட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதற்குப் பிறகுதான் அந்த வரியை வாசித்தேன். அப்பா அம்மா வந்தால்தான் வகுப்புக்குள் விடுவேன் என்று சொல்லி டீச்சர் என்னை வராண்டாவில் உட்கார வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நோட்டைக் கொடுத்தேன். யார் எழுதியது என்று துருவித் துருவிக் கேட்டாள். நான்தான் என்று சாதித்தேன். அப்பாவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறேன் என்ற பெருமை அழுகையை மீறி எனக்கு இருந்தது. அப்பா அன்று வேலை முடிந்து வந்து விஷயத்தைக் கேட்டவர், சாப்பாட்டில் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார்.

காலையில் அம்மா என்னை இழுத்துக்கொண்டு கிளம்பியபோது, அப்பா வேலைக்குப் போகாமல் கூடவே வந்தார். அவர் என் பள்ளிக்கூடத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. வகுப்பு வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வெளியே நின்றுகொண்டார்.

நான்தான் எழுதினேன் என்று டீச்சரிடமும் சொன்னேன். அப்படியானால் அதே வரியைக் கரும்பலகையில் எழுது என்று சாக்பீஸை என் கையில் கொடுத்தார். வகுப்பே பார்த்துக்கொண்டிருந்தது. ‘பெற்றோ’ வரைக்கும் எழுதினேன். என் ஆடுகள் திசைக்கு ஒன்றாக ஓடின. பின்னால் யாரோ சிரித்தார்கள். பொய் சொல்லாதே, கையை நீட்டு என்று டீச்சர் அடிக்குச்சியை எடுத்தார்.

“டீச்சர், புள்ளைய அடிக்காதீங்க. அத எழுதுனது நாந்தாங்க.”

வாசலிலிருந்து அப்பாவின் குரல். டீச்சர் குச்சியை இறக்கினார். பிள்ளைக்கு நீங்கள் எழுதிக் கொடுத்ததே தப்பு, அதிலும் நான் வரச் சொன்னதையே பத்து முறை எழுதி அனுப்பினால் என்ன அர்த்தம் என்று கேட்டார். அப்பா டீச்சரைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“மேல எழுதியிருந்துச்சுங்க. பாத்து எழுதிட்டேன். எழுத்து ஒவ்வொண்ணாத் தெரியும். சேத்து வாசிக்க இன்னும் வரலீங்க. எழுதப் பழகத்தான் புள்ளகிட்ட நோட்ட வாங்குனேன்.”

வகுப்பு ஓவென்று சிரித்தது. நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் வெறுப்பாக இருக்கிறது. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. பிள்ளைகளை ஒரு அதட்டு அதட்டிவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு புது ரெட்டைக் கோடு நோட்டை எடுத்து அப்பாவிடம் நீட்டினார்.

“இது உங்களுக்குங்க. அவளோடது அவளே எழுதட்டும்.”

அன்று பள்ளி விட்டு நான் வீட்டுக்குப் போனபோது அம்மா யாரோடும் பேசவில்லை. அடுத்த நாளும் பேசவில்லை. அப்பா புது நோட்டைத் தொடவே இல்லை. நான் என் நோட்டில் நானே பத்து வரி எழுதி விரல் வலியால் முனகிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் அம்மா சொசைட்டியிலிருந்து சீக்கிரமே வந்தாள். பால் தூக்கை வைத்துவிட்டு, அந்தப் புது நோட்டை எடுத்தாள். என் டப்பாவிலிருந்து பென்சிலை எடுத்து முதல் பக்கத்தின் தலையில் ஒரு வரி எழுதினாள். அதை அப்பாவின் முன்னால் வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் போனாள்.

நான் எட்டிப் பார்த்தேன். ‘என்னிடம் கேட்டிருந்தால் நான் சொல்லித் தந்திருக்க மாட்டேனா’ என்று இருந்தது. அணில் ஏறிய வரியைவிட நீளம். நல்லவேளை, இது எனக்கு வந்த பாடமில்லை என்று நினைத்தேன்.

அப்பா எழுத ஆரம்பித்தார். முதல் வரி, இரண்டாவது வரி என்று வழக்கம்போல எழுத்தெழுத்தாகப் பார்த்து வரைந்துகொண்டு போனார். நான்காவது வரியில் உதடு அசைந்தது. ஐந்தாவது வரியில் ஒவ்வொரு எழுத்தாக வாய்க்குள் சொல்லிச் சேர்த்தார். ஆறாவது வரியின் நடுவில் பென்சில் நின்றது. மறுபடி முதல் வரிக்குப் போய், விரலை வைத்து ஓட்டிக்கொண்டே வந்தார். பிறகு தலை நிமிர்ந்து அடுப்புப் பக்கம் பார்த்தார். அம்மா திரும்பவில்லை. ஆனால் கிளறுவதற்குச் சட்டியில் ஒன்றுமில்லாதபோதும் கரண்டியை விடாமல் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

அப்பா நோட்டை மெதுவாக மூடி மடியில் வைத்துக்கொண்டார். அரைப் பக்கம்கூட ஆகவில்லை. மீதியை எழுதச் சொல்லி அம்மா ஒரு பேச்சுப் பேசவில்லை. எனக்கென்றால் பத்து வரி, அப்பாவுக்கு மட்டும் ஐந்தரையா? இந்த வீட்டில் நியாயமே கிடையாது என்று கோபித்துக்கொண்டு, அன்று இரவு நான் சாப்பிடாமலே படுத்துவிட்டேன்.