இன்னொரு மவுஸ்

அண்ணாச்சி டீயை அரை டம்ளர்தான் குடிப்பார். பாளையங்கோட்டையில் எங்கள் அலுவலகத்துக்குக் கீழே இருந்த கடையில் அவருக்கு மட்டும் கடைக்காரரே அரையாக ஊற்றி வைத்துவிடுவார். சர்க்கரை வியாதியாக இருக்கும் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். ஒரு நாள் எதிரில் நின்றபோது நான் பார்த்துவிட்டேன். பேன்ட் பைக்குள் இருந்த வலக்கையைச் சில்லறை கொடுக்க அவர் வெளியே எடுத்தார்; விரல்கள் தாமாக ஆடின. நான் பார்த்தது அவருக்குத் தெரியாது. நானும் யாரிடமும் மூச்சு விடவில்லை. என் பெருந்தன்மையை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதித் தரும் சின்ன நிறுவனம் எங்களுடையது. மொத்தமே எட்டுப் பேர். வீடு கட்டுவதற்கு முன் பிளான் போடுவதுபோல, மென்பொருள் எழுதுவதற்கு முன்னும் படம் போட வேண்டும். நோயாளிக்கு ஒரு பெட்டி, மருத்துவருக்கு ஒரு பெட்டி, எது எதோடு சேரும் என்று காட்ட நடுவில் கோடுகள். அண்ணாச்சியின் முக்கியமான வேலை அதுதான். ஆழ்வார்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வருகிறவர், இறங்குவதற்குள் முழுப் படத்தையும் மனசில் போட்டு முடித்திருப்பார். அதுவரை ஆளுக்கொரு கருவியில் படம் போட்டுக்கொண்டிருந்தோம். இனி எல்லோரும் ஒரே கருவிக்கு வந்துவிட வேண்டும், அதுவும் காசு கேட்காத ஓபன் சோர்ஸ் கருவியாக இருக்க வேண்டும் என்றார் முதலாளி. கடைசியில் இரண்டு கருவிகள் நின்றன. ஒன்றில் மவுஸால் பெட்டிகளை இழுத்து வைத்துக் கோடு போட வேண்டும். அது என் கட்சி. மற்றதில் வரையவே வேண்டாம். எதிலிருந்து எதற்குக் கோடு என்று வரிவரியாகத் தட்டச்சு செய்தால் படத்தை அதுவே போட்டுவிடும். அது அண்ணாச்சியின் கட்சி. என் கருவி ஜெயித்தால் அவரால் இனி படம் போட முடியாது. இது எங்கள் அலுவலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். அவருக்கு, பிறகு எனக்கு.

கூட்டம் நடந்த அன்று அவர் தன் கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கருவிகளைப் பற்றித்தான் பேசினார். “ஒரே படத்துல ரெண்டு பேரு கைய வச்சா எவன் எந்த வரிய மாத்துனாம்னு இதுல பளிச்சுன்னு தெரியும் சார். அந்தத் தங்கச்சி சொல்லுத கருவியில ஒருத்தன் போட்டத இன்னொருத்தன் அழிச்சிருவான், அழிச்சதே தெரியாது” என்றார். தட்டச்சுக் கருவியில் கோடுகள் சிக்குப் பிடித்த நூல்போல ஒன்றன்மேல் ஒன்று விழும், டாக்டர்களுக்குக் காட்டினால் தலையும் புரியாது வாலும் புரியாது என்றேன். அதுவும் பொய்யில்லை. ஆனால் முதலாளி, “அண்ணாச்சி சொல்லுதது சரியாத்தான் படுது” என்றதும் எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. மூன்று வாரம் உட்கார்ந்து ஒப்பிட்டு அட்டவணை போட்டவள் நான்.

“அண்ணாச்சி நான் சொன்ன கருவியத் தொட்டுக்கூடப் பாக்கல சார். அவங்களே ஒரு படம் வரைஞ்சு காட்டட்டுமே” என்றேன். கோபத்தில் மறந்துபோய்ச் சொல்லிவிட்டேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். இல்லை. அந்த அரை டம்ளர் டீ என் கண்முன் நின்றது. அது நின்றதால்தான் அந்த வார்த்தையே வந்தது.

அவர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பைய எழுந்து போய்க் கணினி முன்னால் உட்கார்ந்தார். புரொஜெக்டரிலிருந்து சுவரில் விழுந்த படத்தில் நோயாளி என்ற பெட்டி ஒரு மூலைக்குத் துள்ளியது. இடக்கையால் வலக்கை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கோட்டை இழுத்தார். அது மருத்துவரைத் தாண்டி எங்கோ போய் ஒட்டியது. யாரோ சிரித்தார்கள். முதலாளி ஒன்றும் தெரியாமல், “மவுஸ்தான் சரியில்ல போலிருக்கு, வேற ஒண்ணு கொண்டாங்க” என்றார். நான் வாயைத் திறந்திருக்க வேண்டிய நேரம் அது. திறக்கவில்லை. இன்னொரு மவுஸ் வந்தது. அதையும் வாங்கி, அத்தனை பேர் முன்னாலும் அவர் மறுபடி முதலிலிருந்து வரைந்தார். பிறகு அதைத் தள்ளி வைத்துவிட்டு, “மவுஸ் நல்லாத்தான் இருக்கு சார். எனக்குக் கை நடுக்கம் உண்டு, ரெண்டு வருசமா” என்றார். அவர் கருவியையே வைத்துக்கொள்ளலாமே என்று முதலாளி தயங்கியபோது, “என் கைக்காகப் பாக்க வேண்டாம் சார்” என்று சொல்லிவிட்டார். ஒப்பீட்டு அறிக்கையை அவரே தட்டச்சு செய்தார். என் கருவிக்கு நேராக, வரைவது எளிது என்ற இடத்தில், முழு மதிப்பெண் போட்டிருந்தார். என் கருவியே முடிவானது. அதற்குப் பிறகு வாடிக்கையாளர்களின் போனை எடுக்கும் வேலைக்கு அவரை மாற்றினார்கள். ஒரு வருடத்துக்குள் வேலையை விட்டுவிட்டார்.

போன மாதம் பாளை மார்க்கெட்டில் அவரைப் பார்த்தேன். கூட அவர் மனைவியும் இருந்தார்; நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். அண்ணாச்சிக்கு இப்போது இரண்டு கையுமே ஆடுகிறது, மறைக்கவும் இல்லை. “இப்பம் எதுல படம் போடுதீங்க?” என்றுதான் முதலில் கேட்டார். “நீங்க சொன்னதுலதான் அண்ணாச்சி. அந்த மவுஸ் கருவியில நீங்க சொன்ன மாதிரியே ஒருத்தர் போட்டத ஒருத்தர் அழிச்சு, பெரிய கூத்தாயிட்டு. அப்புறந்தான் மாத்துனோம்” என்றேன். அப்படியா அப்படியா என்று கேட்டுக் கேட்டுச் சந்தோஷப்பட்டார். எனக்கு அங்கே நிற்கவே முடியவில்லை. நான் கிளம்பப் பார்த்தபோது நிறுத்தினார்.

“ஒம் மதினி இன்னும் ஒன்ன ஏசுதா பாத்துக்கோ. அந்தப் பிள்ள தெரியாமப் படம் போடக் கூப்பிட்டுட்டுது, தெரிஞ்சா அப்படிச் செய்யுமான்னு நானும் அன்னையில இருந்து சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். நீயே சொல்லும்மா. ஒனக்குத் தெரியாதுல்லா?”

மதினி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“தெரியாது அண்ணாச்சி” என்றேன்.

“பாத்தியா? நான் சொல்லல?” என்று அவர் மதினியிடம் திரும்பினார்.