மார்கழிக் குதிரையும் சிற்றம்பலத்தின் கதவும்

"தூக்குங்கப்பா, இன்னும் கொஞ்சம் தூக்குங்க. கீழால கால் தெரியுது!"

வாசலில் தொங்கிய சாக்கை யாரோ சுருட்டி மேலே செருகினார்கள். இரண்டு பேர் ஒரு பலகைக் கதவைச் சுமந்துவந்து வாசலை அடைத்தாற்போல் நிமிர்த்திப் பிடித்தார்கள். குடிசைக்குள் இருண்டது. கதவுக்கு அந்தப் பக்கம் தப்பு மேளம் ஒலித்தது. அழகம்மா அடுப்படியிலிருந்து எழுந்து நின்றாள்.

வட்டக்கச்சிக்கு அப்பால் காடு வெட்டிப் போட்ட அந்தக் குடிசைகளில் ஒன்றுக்கும் கதவில்லை. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தோடு தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்தவர்கள் கூரை போட்டார்கள், வரம்பு கட்டினார்கள், வாசலில் சாக்குத் தொங்கவிட்டார்கள். இந்த வருஷம் மார்கழிக் குதிரையை மறுபடி எடுப்பதென்று பேசிய பிறகுதான் கதவு இல்லாதது பெரிய விஷயமாகிவிட்டது.

மலைத் தோட்டத்தில் அது லயத்துக்கு லயம், வரிசை வீடுகள் தோறும், வரும். வெள்ளைத் துணி போர்த்திய மரத் தலை. கயிற்றை இழுத்தால் வாய் டக் டக்கென்று அடிக்கும். குதிரைக்காரன் மூடிய கதவுக்கு வெளியே நின்று பாட, வீட்டுக்காரர் உள்ளிருந்து எதிர்ப்பாட்டுச் சொல்ல வேண்டும். வீட்டுக்குப் பாட்டு வராவிட்டால் கதவைத் திறந்து குதிரைக்குத் தின்னக் கொடுக்க வேண்டும். குதிரைக்கு வராவிட்டால் அது வாசல் மிதிக்காமல் திரும்பிவிட வேண்டும். கதவடியில் எதைப் பாடினாலும் யாரும் கோபிக்கக் கூடாது.

கதவைக் கொடுத்தவர் பக்கத்தில் வயல் செய்யும் கமக்காரர் சிற்றம்பலம். ஆட்டுக் கொட்டிலில் கிடந்ததை வண்டிலில் ஏற்றிக்கொண்டு தானும் கூடவே வந்திருந்தார்.

"கவனமாப் பிடியுங்கோ. பாலை மரம், காலிலை விழுந்தா விரல் மிஞ்சாது. உள்ளுக்கை ஆர்?"

"அழகம்மாங்க. தோட்டத்துல எந்த லயத்துக்குக் குதிர வந்தாலும் அவளத்தான் கூப்புடுவாங்க."

"அப்ப குதிரைக்கு இஞ்சை பட்டினிதான் எண்டு சொல்லுங்கோ."

அது பொய்யில்லை. கொழுந்து எடுத்த காலத்திலேயே கங்காணி ஏசினால் அழகம்மா அதே ஏச்சைப் பாட்டாகத் திருப்பிக் கொடுப்பாள். மலை முழுக்கச் சிரிக்கும். புருஷன் மலையிலேயே காய்ச்சலில் போய்விட்டான். அவன் தம்பி மாயாண்டிதான் அவளை லொறியில் ஏற்றி இங்கே கொண்டுவந்தவன். குடிசை போட்டுக் கொடுத்தவனும் அவன்தான். தன் வயலுக்குப் பக்கத்திலேயே அவளுக்கும் காணி பிடித்துக் கொடுத்தான். போன கோடைச் சிறுபோகத்தில், அவள் தண்ணீர் முறை வந்த அன்று, வரம்பு உடைந்து தண்ணீரெல்லாம் அவன் வயலுக்குப் போயிற்று. நண்டு வளை என்றான். வரம்பில் மண்வெட்டி வெட்டு பளிச்சென்று தெரிந்தது. "நீதான் வெட்டுனேன்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்," என்றாள். நண்டுதான் என்றான். அவள் பயிர் கருகியது. அன்றோடு பேச்சு நின்றது. இந்தக் காட்டில் அவளுக்கு உறவென்று வேறு யாரும் இல்லை.

இன்று குதிரைத் தலைக்குள் இருந்தவன் மாயாண்டி. முதல் சொல்லிலேயே குரல் தெரிந்துவிட்டது.

"மலையெறங்கி வந்த குதிர மழையில நிக்குது மதினியாரே,
எலையில கொஞ்சம் சோறு போட்டு ஏத்துக்கணும் மதினியாரே."

வாய் திறந்தால் அவனோடு பேசியதாகிவிடும். திறக்காவிட்டால் கதவைத் திறக்க வேண்டிவரும். அடுப்பை விட்டுக் கதவடிக்கு வந்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"சோறு கேட்டு வந்த குதிர, சொந்தஞ் சொல்லி வந்த குதிர,
யாரு தண்ணியக் குடிச்சுப்புட்டு யாரு வாசல்ல நிக்கிற நீ?"

வெளியே சிரிப்புக் கிளம்பியது. "போட்டாடா ஒரு போடு!" என்றான் தப்படித்தவன். குதிரையின் வாய் தாளம் தப்பி இரண்டு தடவை அடித்து நின்றது. மாயாண்டியின் குரல் இப்போது மெதுவாக வந்தது.

"நண்டு மேல பழியப் போட்டேன், நாக்குக் கூசாம பொய்யுஞ் சொன்னேன்,
ரெண்டு வெட்டு வரப்புல வெட்டுன பாவி நாந்தான் மதினியாரே."

அவள் காத்திருந்த வார்த்தை அதுதான். அத்தோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். கதவு திறந்திருக்கும், அவன் உள்ளே வந்திருப்பான். ஆனால் அவள் வாய் அவள் சொல் கேட்கிற வாயில்லை.

"நண்டுக்கு ஏது மம்பட்டி? நானும் அன்னிக்கே கேட்டேனே!
கண்டுபுடிச்சுச் சொல்ல உனக்கு ஆறு மாசம் ஆச்சுதோ?"

கூட்டம் ஆரவாரித்தது. எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தவர் சிற்றம்பலம்.

"பாடுடா மாயாண்டி!" என்றான் தப்படித்தவன்.

பாட்டு வரவில்லை.

"குதிர தோத்துருச்சு! தூக்கு கதவ, அடுத்த வீட்டுக்கு!"

தான் ஜெயித்துவிட்டது அப்போதுதான் அழகம்மாவுக்கு உறைத்தது. தோற்ற குதிரை திரும்பிவிடும். அடுத்த மார்கழி வரை அவனிடம் பேச அவளுக்கு ஒரு சாக்கும் இல்லை.

இரண்டு பேர் கதவைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். தப்புச் சத்தமும் அதன் பின்னால் போயிற்று. வாசலில் சாயும் பொழுதின் வெளிச்சமும் மழையும் மட்டும் இருந்தன. மழைக்குள் மாயாண்டி நின்றான். குதிரைத் தலையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கியிருந்தான். வெள்ளைத் துணி சேற்றில் இழுபட்டது. இருவருக்கும் நடுவில் ஒன்றும் இல்லை.

"ஏன் நனையிற? உள்ள வா," என்றாள்.

"தோத்த குதிர வாசல் மிதிக்கக் கூடாது மதினி."

"குதிரதானே மிதிக்கக் கூடாது. அத அந்த வேலியில மாட்டிட்டு வா."

அவன் உள்ளே வந்து, அவள் அவித்து வைத்திருந்த மரவள்ளிக்கிழங்கை வாயில் வைக்கும்போது அடுத்த குடிசையிலிருந்து சிற்றம்பலத்தின் குரல் கேட்டது: "கதவு வந்து நிக்குது. குதிரையைக் காணேல்லையே!"

"தின்னுட்டு வரும், நில்லுங்க!" என்று அழகம்மா பதிலுக்குக் கத்தினாள்.

மறுநாள் மழை விட்டிருந்தது. மாயாண்டி காலையில் வந்து தேத்தண்ணி குடித்தான். அழகம்மா நெல்லில் புல் பிடுங்கினாள். அவன் பன்றிக் காவல் குடிலுக்குக் கூரை வேய்ந்தான். மத்தியானம் சைக்கிளில் பரந்தன் கடைத்தெருவுக்குப் போய் உப்பும் மண்ணெண்ணெயும் வாங்கிவந்து, அவள் பங்கை அவளிடம் கொடுத்தான். பின்னேரம் மறுபடி தூறியது.