அட்டை டீச்சரின் தேர்வுப் பாடம்

வட்டம் கோணிவிட்டால் அட்டை டீச்சர் அதைச் சரிசெய்ய மாட்டார். தூக்கிப் போட்டுவிட்டு வேறு அட்டையை எடுப்பார். சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து, நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு வெட்டுவார். வெட்டியதை இரண்டாக நறுக்கி, ஒரு பாதியின் மேல் இன்னொரு பாதியை வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். நூலளவு பிசகினாலும் அதுவும் மூலைக்குப் போகும். "நல்லாத்தானே இருக்கு, எதுக்கு வீசுற?" என்று கட்டிலில் படுத்தபடி கணவர் கேட்பார். "உங்களுக்கு நல்லா இருக்கும். புள்ளைங்க கண்ணு அப்படி இல்லைங்க. ஒரு பாதி பெருசா இருந்தா, எனக்கு அதுதான் வேணும்னு சண்டைக்கு நிப்பாங்க. அப்புறம் நான் எங்க பாடம் நடத்துறது?" என்பார் இவர்.

மளிகைக் கடைக்காரர் பிஸ்கட் பெட்டிகளை இவருக்கென்றே எடுத்து வைக்கிறார். செருப்புக் கடையிலும் அப்படித்தான். காலிப் பெட்டிகளைக் கயிற்றில் கட்டித் தூக்கிக்கொண்டு இவர் நடந்து போனால், எதிரே வருபவருக்கு முகம் தெரியாது, இரண்டு கால்கள் மட்டும் தெரியும். தெருவில் இவர் பெயர் அட்டை டீச்சர். உண்மைப் பெயர் தபால்காரருக்குத் தெரிந்திருந்தால் அதிகம்.

வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. உலகத்தில் எல்லோருக்கும் ஏழு வயதுதான் என்பது இவர் எண்ணம். மருந்துக் கடையில் சில்லறை குறைந்தால், "எங்க, இன்னொரு தடவை நிதானமா எண்ணுங்க பாப்போம்" என்பார். எண்ணி முடித்தால், "சபாஷ்!" பேருந்தில் முண்டியடிப்பவர்களிடம், "ஒருத்தர் பின்னால ஒருத்தர், தோள்ல கை வச்சுக்கிட்டு" என்று ஒருநாள் சொல்லிவிட்டார். இரண்டு பேர் நிஜமாகவே வைத்தார்கள்.

ஒரு சின்னத் தனியார் பள்ளியில் பல வருஷமாக இவர் உதவி ஆசிரியை. மூக்கைத் துடைப்பது, பென்சில் சீவுவது, பெரிய டீச்சர் வராத நாளில் வகுப்பையே நடத்துவது என்று எல்லாம் இவர் தலையில்தான். அப்போதெல்லாம் யாரும் பட்டம் கேட்கவில்லை. பிறகு சட்டம் வந்தது. தொடக்கக் கல்வியில் பட்டம் இல்லாதவர்கள் சிறு வகுப்புகளுக்குள் நிற்கக்கூடாது என்றது. தலைமை ஆசிரியை கூப்பிட்டு உட்காரவைத்து, மிகவும் அன்பாகத்தான் சொன்னார்: "படிச்சு முடிச்சிடுங்க. இல்லேன்னா உங்கள அனுப்ப மனசு வராது. பாத்ரூம் கழுவுற வேலையாவது போட்டுத் தரேன்." கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த கணவர் முதுகெலும்பு விலகிப் படுத்தது அதே வருஷம்தான். அழுவதற்குக்கூட நேரமில்லாமல் இவர் கல்லூரியில் சேர்ந்தார்.

சின்னப் பிள்ளைகளுக்கு ஒன்று இரண்டு சொல்லித் தருவதற்கு இத்தனை படிக்க வேண்டுமா என்று நினைப்பவர்கள் அந்தப் பாடத்திட்டத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். குழந்தை உளவியல், கணக்கு, அறிவியல், மொழி, உடல்நலம் எல்லாம் உண்டு. இசை உண்டு. கைவேலை உண்டு. உடற்கல்வியில் குட்டிக்கரணம் உண்டு. மகள் வயதுப் பெண்கள் பந்து மாதிரி உருண்டு எழுந்தார்கள். இவர் பாதியில் மாட்டிக்கொண்டு, "யாராச்சும் ஒரு கை தள்ளி விடுங்கம்மா" என்று கத்தினார். தள்ளிவிட்டார்கள். மதிப்பெண்ணும் வந்தது.

அப்புறம் மாதிரிப் பாடம். கூடப் படிக்கும் பெண்களே மூன்றாம் வகுப்புக் குழந்தைகளாக உட்கார்ந்திருக்க, அவர்களுக்குச் சில நிமிடம் பாடம் எடுக்க வேண்டும். கேள்வி கேட்க ஒரு நாள், பாராட்ட ஒரு நாள், கரும்பலகையில் எழுத ஒரு நாள். நிஜப் பிள்ளைகளைப் பார்த்துப் பழகிய இவருக்கு அந்தப் பொய்ப் பிள்ளைகளைக் கண்டு சிரிப்பு வந்துவிடும். "எங்க பள்ளிக்கூடத்துல எவளும் இவ்வளவு மை போட்டுக்கிட்டு வரமாட்டா" என்பார். வீட்டில் ஒத்திகைக்குக் கணவர்தான் மாணவர். பாடம் முடியும்போது, "டீச்சர், நான் இப்ப திரும்பிப் படுக்கலாமா?" என்று கேட்பார்.

எல்லாத் தாள்களிலும் தேறிவிட்டார். பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று. கல்லூரிக்குப் பக்கத்திலிருக்கும் பயிற்சிப் பள்ளியில், வெளியிலிருந்து வரும் தேர்வாளர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க, ஒரு முழுப் பாடம் நடத்த வேண்டும். இரண்டே வாய்ப்புதான். அதில் தவறினால் படித்த அத்தனையும் வீண்.

முதல் வாய்ப்பு போன வருஷமே கைவிட்டுப் போனது. ஒரு பையனிடம் கேள்வி கேட்டார். அவன் யோசித்தான். இவர் காத்திருந்தார். கடைசி பெஞ்சில் தேர்வாளரின் பேனா மேசையில் தட்டத் தொடங்கியது. இவர் அப்போதும் காத்திருந்தார். பையன் பதில் சொன்னான், சரியாகவே சொன்னான், ஆனால் பாடத்தின் கடைசிப் பகுதிக்கு வருவதற்குள் மணி அடித்துவிட்டது. நேரத்தைப் பங்கிடத் தெரியவில்லை என்று எழுதிவிட்டுப் போனார் தேர்வாளர். "புள்ள யோசிச்சிட்டிருந்துச்சு மேடம். நடுவுல எப்படி வெட்டுறது?" என்று மேற்பார்வை செய்யும் பேராசிரியையிடம் இவர் கேட்டார். அந்த அம்மாள் நல்லவர். "நீங்க சொல்றது சரிதான். ஆனா அதுக்கு மார்க் இல்லையேம்மா" என்றார்.

இந்த வருஷம் அதே பள்ளியின் மூன்றாம் வகுப்பில்தான் இவருக்கு லேட்டு கிடைத்தாள். தேர்வுப் பாடத்தோடு ஒட்டி வரும் நிபந்தனை ஒன்று உண்டு: பின்தங்கிய ஒரு குழந்தையைத் தேர்ந்தெடுத்து, பருவம் முழுக்கக் கூட இருந்து கவனித்து ஆய்வு எழுத வேண்டும். யாரை எடுக்கலாம் என்று வகுப்பாசிரியையைக் கேட்டபோது, ஜன்னலோரம் இருந்த சிறுமியைக் காட்டினார். "அதை எடுத்துக்குங்க அக்கா. எது கேட்டாலும் வாயைத் திறக்காது." அவளிடம் பெயர் கேட்டபோது, வகுப்பு வைத்த பெயரையே அவளும் சொன்னாள். "லேட்டு."

வாயைத் திறக்காத பிள்ளை இல்லை அவள் என்பதை இவர் சீக்கிரமே கண்டுபிடித்தார். கேட்டால் பதில் வரும், ஆனால் அடுத்த பாடம் ஆரம்பித்த பிறகு வரும். மழை எப்படிப் பெய்கிறது என்று அறிவியல் நடந்துகொண்டிருக்கும்போது, "பதினெட்டு" என்று எழுந்து நிற்பாள். வகுப்பே விழுந்து விழுந்து சிரிக்கும். அது முந்தின கணக்கின் விடை என்று இவர் ஒருவருக்குத்தான் தெரியும். அதன்பிறகு உணவு இடைவேளைகளில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ஒரு கேள்வி கேட்பார், கேட்டுவிட்டுத் தன் சாப்பாட்டைச் சாப்பிடுவார். அவள் உதடுகள் அசையும். இவர் டப்பாவை மூடும் நேரத்துக்குப் பதில் வரும். "சபாஷ்டி தங்கம்" என்பார். அந்தப் பிள்ளையை இவருக்கு அவ்வளவு பிடித்துப் போயிற்று.

தேர்வுப் பாடம் பின்னம். பாதி, கால். "பாதியில் பாதி எவ்வளவு?" என்ற கேள்வி வரும் என்று லேட்டுக்குத் தெரியும். வட்ட அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் அதற்காகவே தயாரானாள். "டீச்சர், அன்னிக்கு நான்தான் சொல்லுவேன். கேப்பீங்கல்ல?" என்று தினமும் கேட்டாள். "கேக்காம? உன்னைத்தான் முதல்ல கேப்பேன்" என்று இவரும் வாய் கொள்ளாச் சிரிப்போடு சொல்லிவைத்தார்.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் இருக்கிறது. பயிற்சிக்கு வரும் எல்லோருக்கும் தெரியும், யாரும் எழுதிவைக்கவில்லை. தேர்வாளர் வரும் நாளில், மெதுவான பிள்ளைகளை விளையாட்டுச் சாமான் அறையில் உட்காரவைத்துவிடுவார்கள். அதற்குப் பெயர் காற்றாட அனுப்புவது. தேர்வாளர் கண்டுபிடித்தால் பாடம் ரத்து. முன்னொரு வருஷம் ஒருத்திக்கு அப்படி ஆகியிருக்கிறது. அதனால் வழக்கம் நிற்கவில்லை, கதவைச் சாத்தி வைக்கப் பழகிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

போன வாரம் தேர்வு. காலையில் வகுப்பாசிரியை இவரைத் தாழ்வாரத்தில் ஓரங்கட்டினார். "அக்கா, லேட்டைக் காத்தாட அனுப்பிடுங்க."

"ஐயோ, அவ தயாரா வந்திருக்கா. பதில் தெரியும் அவளுக்கு."

"தெரியும், யாரு இல்லேன்னா? எப்ப சொல்லுவா? மணி அடிச்சப்புறமா? போன தடவை என்னாச்சுன்னு மறந்துட்டீங்களா? நீங்க கேக்காட்டியும் அவ எந்திரிச்சு நிப்பா. அப்புறம் உங்க பாடு."

இவர் வீட்டில் படுத்திருக்கும் கணவரை நினைத்தார். ஈரத் துடைப்பத்தோடு தன் பள்ளியின் கழிவறை வாசலில் நிற்கும் தன்னையே நினைத்தார், அந்த வழியாக ஓடும் பிள்ளைகள் டீச்சர் என்று கூப்பிடுவார்களா, ஆயா என்று கூப்பிடுவார்களா என்றுகூட யோசித்தார். பிறகு லேட்டின் கையைப் பிடித்து விளையாட்டுச் சாமான் அறைக்குக் கூட்டிப் போனார். "தங்கம், கொஞ்ச நேரம் இங்க இரு. அப்புறம் வந்து கூப்பிடுறேன்." அவள் ஏன் என்று கேட்கவில்லை. ஒருவேளை யோசித்துக்கொண்டிருந்திருப்பாள். கதவைச் சாத்தியது இவர் கைதான்.

திரும்பி வந்தால் தேர்வாளர் அம்மாள் தாழ்வாரத்திலேயே நிற்கிறார், கையில் இவர் எழுதிய ஆய்வு. முகமெல்லாம் சிரிப்பு. "இத்தனை வருஷத்துல இப்படி ஒண்ண நான் படிச்சதில்லம்மா. ஒரு குழந்தைக்காக எவ்வளவு பொறுமையா இருந்திருக்கீங்க! இந்த வகுப்புப் பொண்ணுதானே? அவளைப் பாக்கணுமே."

"இன்னிக்கு வரல மேடம்" என்றார் இவர்.

"அடடா" என்று தேர்வாளர் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

பாடம் அருமையாக நடந்தது. பாதி வட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று கச்சிதமாகப் பொருந்தின. கேட்ட கேள்விக்கெல்லாம் டக் டக்கென்று பதில் வந்தது. "பாதியில் பாதி எவ்வளவு?" என்றதும் வகுப்பில் பாதிப்பேர் கையைத் தூக்கினார்கள். முன் வரிசைப் பையன் ஒருவன் கேள்வி முடிவதற்குள் பதிலைச் சொல்லிவிட்டான். இவர் சபாஷ் சொன்னார். குரல் தனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. மணி அடிக்கும்போது பாடமும் முடிந்திருந்தது. நேரத்தை இவ்வளவு அழகாகப் பங்கிட்டதற்காகத் தேர்வாளர் தலையசைத்துப் பாராட்டினார். மதிப்பெண்ணைத் தலைமை ஆசிரியை அறையில் உட்கார்ந்து போடப்போவதாகச் சொல்லிவிட்டு, பேராசிரியையோடு பேசிக்கொண்டே எழுந்தார்.

இவர் அதற்குமேல் நிற்கவில்லை. மேசைமேல் அட்டைகளை அப்படியே போட்டுவிட்டு, முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு விளையாட்டுச் சாமான் அறைக்கு ஓடினார். உள்ளே காற்றுப்போன பந்துகளுக்கும் தாண்டும் கயிறுகளுக்கும் நடுவில், கால் உடைந்த பெஞ்சின் நல்ல முனையில் லேட்டு உட்கார்ந்திருந்தாள். சாய்ந்து உட்காரவில்லை. வகுப்பில் உட்காருவது போல முதுகை நிமிர்த்தி, கைகட்டி உட்கார்ந்திருந்தாள்.

"டீச்சர், எல்லாரும் சொல்லிட்டாங்களா?"

"ம்."

"இப்ப நான் சொல்லட்டுமா?"

இவருக்கு அவள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. தரையில் மண்டி போட்டு அவள் முன்னால் உட்கார்ந்தார். "சொல்லு தங்கம். நான் கேக்குறேன். பாதியில பாதி எவ்வளவு?"

அவள் உதடுகள் அசைய ஆரம்பித்தன. இவர் காத்திருந்தார். காத்திருப்பதுதான் இவருக்குத் தெரிந்த வித்தை, அது ஒன்றையாவது இந்தப் பிள்ளைக்குக் குறையில்லாமல் கொடுக்கலாம் என்று காத்திருந்தார். அதற்குள் தாழ்வாரத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. தேர்வாளரும் பேராசிரியையும் பேசிக்கொண்டே இந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்தார்கள். கதவை இவர் சாத்தவில்லை. "அந்தக் குழந்தையப் பாக்காம போறதுதான் ஒரு குறை" என்ற குரல் சுவருக்கு அந்தப் பக்கத்தில், மிகப் பக்கத்தில் கேட்டது.

லேட்டின் கண்கள் அகலமாக விரிந்தன. பதில் வந்துவிட்டது. வகுப்பில் எழுந்து நிற்பது போலவே விருட்டென்று எழுந்து, நெஞ்சு நிறைய மூச்சு இழுத்து, "பாதில பாதி..." என்று ஊருக்கே கேட்கும் குரலில் ஆரம்பித்தாள்.

அட்டை டீச்சர் அவள் பின்னந்தலையை ஒரு கையால் இறுக்கிப் பிடித்து, மறு கையால் அவள் வாயைப் பொத்தினார்.