மூன்றாவது வீடு

ஸஜாத் சாய்ந்தமருதில் இரண்டு வீடு கட்டியிருக்கிறான். இரண்டிலும் அவனுக்குப் படுக்க ஓர் அறை கிடையாது. மாலைதீவிலிருந்து லீவில் வந்தால் தங்கை பஹ்மிதா வீட்டு முன்ஹோலில் பாயைப் போடுவான். காலையில் கடை திறக்கப் போகிற அவளுடைய மாப்பிள்ளை இவன் காலைத் தாண்டிக்கொண்டு போவார். யாரும் இதைப் பிழையாக எடுப்பதில்லை. ஊர் வழக்கம் அப்படி. வீடு பெண்ணுக்கு; வாப்பாவோ கூடப்பிறந்தவனோ கட்டிக்கொடுக்கவேண்டும். ஆண்பிள்ளை கலியாணம் முடித்துப் பெண்ணின் வீட்டுக்குப் போகிறவன். அதுவரை அவன் எங்கே படுத்தாலும் விருந்தாளிதான்.

வாப்பா மக்கீன் கரைவலை இழுத்தவர். பெண்பிள்ளைகளுக்கென்று சிறுகச் சிறுகக் கட்டிய வீட்டைச் சுனாமி கொண்டுபோனபோது ஸஜாதுக்குப் பத்து வயது. அதற்குப் பிறகும் வாப்பா வலை இழுக்கப் போனார், ஆனால் மனுசன் பழையபடி நிமிரவில்லை. சில வருஷத்தில் மௌத்தாகிவிட்டார். மையித்து அடக்கத்துக்கு வந்த பெரியவர்கள் ஸஜாதின் தோளைத் தட்டி, "ரெண்டு குமர்ப்புள்ள இரிக்கி மனே, இனி நீதான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார்கள். சொல்வதற்கென்ன, வாயா வலிக்கப்போகிறது?

அவனுக்குத் தெரிந்த ஒரே வேலை பந்தைத் தடுப்பது. கடற்கரை மணலில் வெறுங்காலோடு விளையாடியவன், இரவல் சப்பாத்தோடு கல்முனை மைதானத்தில் இறங்கினான். கோல் அடிக்க எல்லாருக்கும் ஆசை, பின்னால் நிற்கத்தான் ஆள் இல்லை. இவன் நின்றான். நல்ல உயரம், அதைவிட நல்ல பொறுமை. முன்னால் வருகிறவன் என்ன வித்தை காட்டினாலும் பந்தை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டான். கொழும்புக் கழகம் ஒன்று கூட்டிக்கொண்டு போனது. அங்கே நாலைந்து பருவம் ஆடியபின் மாலேயில் ஒரு கழகம் ஒப்பந்தம் போட்டது. ஊரில் பெனர் கட்டினார்கள்.

சம்பளம் வரத் தொடங்கியதும் பஹ்மிதாவின் வீட்டுக்கு அத்திவாரம் விழுந்தது. அவளைக் கட்டிக்கொடுத்த கையோடு சின்னவள் றாஹிலாவின் வீடு. ஒரு பருவம் ஆடினால் சுவர் எழும்பும், அடுத்த பருவம் கூரை வரும். பத்திரிகையில் அவன் படம் வந்தால் உம்மா ஆசையாகத் தடவிப் பார்த்துவிட்டு, "டைல்ஸ் எப்ப மனே போடுற?" என்று கேட்பார்.

றாஹிலா குடிபுகுந்தபோது அவனுக்கு முப்பத்தொரு வயது. இடது முழங்கால் தேய்ந்து போயிருந்தது. கொழும்பில் பார்த்த டொக்டர் சுற்றி வளைக்கவில்லை. இப்போது நிறுத்தினால் கடைசிவரை ஒழுங்காக நடக்கலாம், இன்னும் ஆடினால் தன்னிடம் வரவேண்டாம் என்றார். ஸஜாதுக்கு உள்ளுக்குள் சந்தோஷம். கடமை முடிந்தது, நிறுத்த ஒரு சாட்டும் கிடைத்தது. ஒரு பாடசாலையில் பயிற்றுநர் வேலை பேசியிருந்தான். மாளிகைக்காட்டில் ஸுல்பிகாவைப் பேசிவைத்திருந்தார்கள். அவள் முன்பள்ளி ஆசிரியை. அவளுடைய வாப்பா ஆதம்பாவா சைக்கிள் திருத்துகிறவர். அவளுக்குக் கீழே ஜெமீல் என்று ஒரு தம்பி, பள்ளிக்கூடம் போகிற தங்கை ஒருத்தி.

ஒரு பின்நேரம் ஸுல்பிகாவுக்குக் கட்டுகிற வீட்டைப் பார்க்கப் போனான். சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்திருந்தது. ஜெமீல் தனியாக நின்று சீமெந்து குழைத்துக்கொண்டிருந்தான். இந்த ஜெமீலை ஸஜாதுக்கு மைதானத்தில் நன்றாகத் தெரியும். இடது பக்கத்தால் பறக்கிறவன். ஒரு பெருநாள் போட்டியில் ஸஜாதை ஏமாற்றிக் கடந்துபோன ஒரே ஊர்ப்பிள்ளை அவன். அன்று ஸஜாதுக்குக் கோபம் வந்தது, வீடு திரும்புகிற வழியில் சிரிப்பும் வந்தது.

"இண்டைக்குக் கொழும்புக் கழகத்துக்கு ஆள் எடுக்கிற எண்டாங்களே. போகல்லியா?"

"எங்க மச்சான் போற? ஊடு முடியணுமே. வாப்பாவால தனிய ஏலா. டோஹாவுக்கு வீசா ஒண்டு சொல்லியிரிக்கன், ட்ரைவர் வேல."

"அப்ப பந்து?"

ஜெமீல் மண்வெட்டியால் குழையலைப் புரட்டினான். "அங்கயும் வெள்ளிக்கிழமையில விளையாடலாம்தானே."

ஸஜாத் பாதிச் சுவரைப் பார்த்தான். தான் படுக்கப்போகிற அறைக்கு இந்தப் பையன் தன் ஓட்டத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கு வெட்கமாக இருந்தது. எந்த வலைக்குள்ளிருந்து வெளியே வந்தோம் என்று நினைத்தானோ, அதே வலையின் மறுபக்கத்தைத் தானே பிடித்துக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும், "எனக்கு ஊடு வேணா உம்மா. வாடகைக்கு இரிக்கம்" என்றான்.

உம்மா கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். "ஊடு வேணாமெண்டு மாப்பிள்ள சொன்னா, மாப்பிள்ளயில என்னமோ குற எண்டுதான் மனே ஊர் கதைக்கும்."

பஹ்மிதா சமையலை விட்டுக் குசினி வாசலில் வந்து நின்றாள். அண்ணனிடம் குரலை உயர்த்தவில்லை. "நீங்க வேணாமெண்டா, என்ட மாப்பிள்ள வாங்கினது என்ன காக்கா? பிச்சையா?"

அவள் கண் கலங்கியிருந்தது. ஹோலில் இருந்த அவளுடைய மாப்பிள்ளை டீவியின் சத்தத்தைக் கூட்டினார். 

ஆதம்பாவாவிடமும் போனான். "ஊடு குடுக்காமப் புள்ளயக் குடுத்தவன் எண்டு பேரெடுத்துக்கிட்டு, நான் பள்ளிக்குத் தொழ எப்பிடி மகன் போற?" என்று அவர் கேட்டதோடு அந்தக் கதையும் முடிந்தது. ஸுல்பிகா மட்டும் போனில், "எனக்கு ஊடு வேணா. நீங்க நல்லா நடந்து வந்தா அதுவே காணும்" என்றாள். வாப்பாவிடமும் அதையேதான் சொன்னாளாம். யார் கேட்டார்கள்?

மைதானத்தில் எத்தனை பேர் ஏறி வந்தாலும் எங்கே நிற்கவேண்டும் என்று அவனுக்குத் தெரியும். இங்கே எல்லாரும் அவனுடைய ஆட்கள். எல்லாரும் அவன் நன்மைக்குத்தான் சொன்னார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டியது. மாலேயிலிருந்து முகாமையாளர் போன் எடுத்துக் கால் எப்படி என்று கேட்டபோது, நல்லாயிருக்கு என்றான். ஸுல்பிகாவிடம், ஊசி போட்டதில் முழங்கால் சுகம் என்று ஒரு பொய் சொன்னான். பிறகு ஜெமீலைத் தனியே கூப்பிட்டான்.

"ஊட்ட நான் முடிக்கன். ஆருக்கும் தெரிய வேணா, நீ முடிச்ச மாதிரியே இரிக்கட்டும். நீ டோஹாவுக்குப் போகாத. பந்த விளையாடு."

ஜெமீல் குனிந்துகொண்டு தலையாட்டினான்.

அந்தப் பருவம் ஊசியிலும் கட்டுத்துணியிலும் ஓடியது. நேற்று வந்த பொடியன்மார் எல்லாம் அவனைக் கடந்துபோனார்கள். சனம் கூவியது. காலையில் கட்டிலிலிருந்து இறங்கச் சுவரைப் பிடிக்கவேண்டியிருந்தது. பரவாயில்லை, இது கடைசி, ஒரு பையனாவது தப்பினானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வான். அதைச் சொன்னால்தான் நித்திரை வரும்.

கடைசிப் போட்டியன்று, உடை மாற்றும் அறையில் முழங்காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது ஜெமீல் வீடியோவில் வந்தான். கூரை போட்டாயிற்று, டைல்ஸ் பதித்தாயிற்று. "இஞ்ச பாருங்க மச்சான், உங்கட ரூம்." ஸஜாத் போனைக் கிட்டப் பிடித்துப் பார்த்தான். உள்ளே போய்ச் சாத்திக்கொள்ள அவனுக்கும் ஒரு கதவு. சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தான்.

ஜெமீல் போனைப் பிடித்தபடியே பின்வாசலால் இறங்கினான். வளவின் மற்றப் பக்கத்தில் புதிதாக மண்ணைத் தோண்டிக் கிடங்கு வெட்டி, கருங்கல் இறக்கியிருந்தது.

"இது என்ன ஜெமீல்?"

"தங்கச்சிக்கு மச்சான். உங்கட சல்லியில வாங்கின கல்லும் சீமெந்தும் மிஞ்சிட்டு. சும்மா கிடந்து வீணாகிப் போகுமெண்டு வாப்பா அத்திவாரத்தப் போட்டுட்டாரு." ஜெமீல் போனைத் தன் முகத்துக்குத் திருப்பினான். "கோவிக்காதீங்க. வீசாவும் வந்திட்டு. உங்கட கலியாணம் முடிஞ்ச கையோட போறன்."

வெளியே அணியைக் கூப்பிட்டார்கள். ஸஜாத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். திட்ட நினைத்தான், அழ நினைத்தான், இரண்டும் வரவில்லை.

"வெள்ளிக்கிழமையில விளையாடு" என்றான். போனை வைத்துவிட்டு, கட்டுத்துணியை இன்னும் ஒரு சுற்று இறுக்கி, சுவரைப் பிடித்து எழும்பினான்.