சுன்னத்துக்குக் கிளம்பி, டெஸ்ட்டு எடுத்து, போடிமெட்டு ஏறிய நாள்

வாங்க வாங்க, நல்லா இருக்கீங்களா? உங்கள் பக்கம் மழை உண்டா? எங்கள் ராசிங்காபுரத்தில் மேகம் வந்து எட்டிப் பார்த்துவிட்டு மலைக்கே திரும்பிப் போய்விடுகிறது. எனக்கு எழுத வராது. போனில் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது. இப்போது சத்தமான இடத்தில் உட்கார்ந்து பேசுகிறேன், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஆடி கடைசி வியாழக்கிழமை போடிமெட்டுக்குப் போனேன். போகவேண்டிய சோலி என்னுடையது இல்லை, என் அக்கா மகன் மாயாண்டியுடையது. வயது முப்பத்தொன்று, ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பு ஓட்டுகிறான். (பெயரை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை எழுதுங்கள் என்று அவனே சொன்னான்.) மலைத் தோட்டத்தில் காய் எடுக்கும் செல்விக்கும் அவனுக்கும் கல்யாணப் பேச்சு முடிந்திருந்தது. செல்வி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "ரெண்டு பேரும் எச்.ஐ.வி. டெஸ்ட்டு எடுப்போம். பேப்பரோட வந்தா கல்யாணம். இல்லாட்டி ஜீப்பத் திருப்பிக்கிட்டுப் போங்க." அவள் குடியிருக்கும் லயத்தில், அதுதான் தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரு பெண்ணுக்குப் புருசனிடமிருந்து நோய் வந்து, மாத்திரை சாப்பிட்டு இப்போது நன்றாக இருக்கிறாளாம். அதைக் கண்ணால் பார்த்தவள் கேட்கத்தானே செய்வாள்?

மாயாண்டி என்னிடம் ஓடிவந்தான். முன்னால் நாலு வருசம் வடக்கே லாரி ஓட்டினவன். "ரெண்டு தடவ புத்தி கெட்டுப் போனேன் மாமா" என்றான். அந்தச் சமயத்தில் போனில் ஏதோ வீடியோ பார்த்திருக்கிறான், சுன்னத்துச் செய்தால் அந்த நோய் அவ்வளவாக ஒட்டாது என்று. அதைப் பிடித்துக்கொண்டான். டெஸ்ட்டுக்குப் பதில் அதைச் செய்துவிட்டுப் போய்ச் செல்வியிடம் சொல்லிவிடலாம் என்பது அவன் கணக்கு.

"காது குத்துக்கு உங்க மடியிலதான உக்காந்தேன்? இதுக்கும் தாய்மாமன் நீங்கதான் வரணும்."

"அடேய் மாப்ளே, அன்னைக்கே என் வேட்டிய நனச்சவன்டா நீ!"

காலை 6.40-க்கு ராசிங்காபுரத்தில் பஸ்சு ஏறினேன். போடிக்கு எட்டு கிலோமீட்டர், டிக்கெட்டு பத்து ரூபாய். ஜீப்பு ஸ்டாண்டில் மாயாண்டியோடு அவன் கூட்டாளி காசிமும் நின்றார். விசயம் தெரிந்து காசிம் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த டீ சிந்திவிட்டது.

"எனக்கு ஏழு வயசுல முடிஞ்சுருச்சுடா. அது எங்க மார்க்கம், மருந்து இல்ல. நானும் நிக்காவுக்கு முந்தி டெஸ்ட்டு எடுத்தவன்தான். வெரசா போ, வரிசை வந்துரும்."

போடி அரசு ஆஸ்பத்திரியில் எட்டு மணிக்கே சீட்டுப் போட்டோம். எதற்கு வந்தீர்கள் என்று கேட்டதும் மாயாண்டி முழித்தான். நான் சொன்னேன். நேராக எச்.ஐ.வி. டெஸ்ட்டு எடுக்கும் நம்பிக்கை மையத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே ஆலோசனை சொல்லும் அம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். சிரிக்காமல் கேட்டுக்கொண்டார், அதற்கே கும்பிடலாம்.

"வீடியோவுல சொன்னது பொய்யில்ல தம்பி" என்றார். "ஆப்பிரிக்காவுல, நோய் ரொம்பப் பரவிக் கெடந்த நாடுகள்ல செஞ்சு பாத்தாங்க. பொம்பளைகிட்ட இருந்து ஆம்பளைக்கு வர்றது பாதிக்கு மேல கொறஞ்சுச்சு. ஆனா முழுசா நிக்கல. நம்ம நாட்டுல நோய் இருக்கவங்களே கம்மி. இங்க அத்தன பேருக்கும் வெட்டி என்ன ஆகப் போகுது? ஆணுறை இருக்கு, டெஸ்ட்டு இருக்கு, வந்தா மருந்து இருக்கு. அதோட, ஒங்களுக்கு இருந்தா இந்த வெட்டு ஒங்க வீட்டம்மாவக் காப்பாத்தாது."

எனக்கு வாய் சும்மா இருக்குமா? தேவாரத்தில் என் மச்சானுக்குக் கடலைக் காடு. அங்கே யானை இறங்கும். ஒரு வருசம் காட்டைச் சுற்றி அகழி வெட்டினார்கள். அப்புறமும் ஒரு கொம்பன் மண்ணைச் சரித்துவிட்டு ஏறி வந்து, பந்திக்கு வந்த சம்பந்தி மாதிரி நிதானமாகத் தின்றுவிட்டுப் போனது. அது கிடக்கட்டும்.

"சரியாச் சொன்னீங்கம்மா" என்றேன். "யானை வர்ற தேவாரத்துல அகழி வெட்டலாம், போடி பஸ் ஸ்டாண்டச் சுத்தி எவன் வெட்டுவான்? டேய், அதெல்லாம் விடு. யானை முன்னாடியே உள்ள வந்து நிக்குதான்னு அகழி சொல்லுமா?"

அந்த அம்மா அப்போதுதான் சிரித்தார். மாயாண்டி சட்டைக் கையை மடக்கினான். 9.10-க்கு ரத்தம் எடுத்தார்கள், காசு கிடையாது. ஊசி போடும்போது என் தொடையைப் பிடித்து அமுக்கினான் பாருங்கள், காது குத்து தேவலை.

முடிவை அவனிடம் மட்டும்தான் சொல்வார்களாம். பத்து மணிக்கு உள்ளே கூப்பிட்டார்கள். கால்மணி நேரம் கழித்து வெளியே வந்தவன் பேப்பரைச் சட்டைப் பையில் வைத்துப் பித்தானைப் போட்டான். போய் ஜீப்பை எடுத்தான். நானும் ஏறிக்கொண்டேன்.

போடியிலிருந்து மெட்டு இருபத்தாறு கிலோமீட்டர். முந்தல் சோதனைச் சாவடி தாண்டினால் பதினேழு கொண்டை ஊசி வளைவு. வழக்கமாக அருவியைப் பார், பள்ளத்தைப் பார் என்று பேசிக்கொண்டே வருகிறவன் நான். அன்றைக்கு அவன் முகத்தைத்தான் பார்த்தேன். ஐந்தாவது வளைவில் கேட்டேவிட்டேன்.

"மாப்ளே, என்னடா சொன்னாங்க?"

"மொதல்ல அவகிட்டத்தான் மாமா. வாக்குக் குடுத்திருக்கேன்."

பத்தாவது வளைவில் என் குலசாமிக்கு ஒரு கிடா நேர்ந்தேன். பதினைந்தாவதில் இரண்டாக்கினேன்.

11.25-க்கு மெட்டு. மூடுபனி, சாரல். டீக்கடை வாசலில் செல்வி நின்றாள், சாரலில் நனையாமல் தலையில் பிளாஸ்டிக் சாக்கைக் கொங்காணியாக மடித்துப் போட்டிருந்தாள். இடுப்பில் சொருகியிருந்த தன் பேப்பரை எடுத்து அவனிடம் கொடுத்தாள், அவன் பித்தானைக் கழற்றித் தன்னுடையதைக் கொடுத்தான். இருவரும் படித்தார்கள். கடைக்காரர் ஆற்றிய டீயைக் கொடுக்க மறந்து நின்றார்.

செல்வி நிமிர்ந்தாள். "ரெண்டு பேருக்கும் இல்லன்னுதான போட்டிருக்கு? பெறகு எதுக்கு இப்படி வேர்க்குது? பேடிச்சுப் போயிட்டீகளா?" மலையாளத்தாரோடு வேலை செய்கிறவளுக்குப் பயம்கூட 'பேடி'தான்.

"ஒனக்கு மொதல்ல சொல்லணும்னுதான்..."

"எல்லாம் காசிம் அண்ணே போன்ல சொன்னாரு. அறுக்கக் கெளம்புனீகளாமே? அறுத்துட்டு வந்திருந்தாலும் டெஸ்ட்டு எடுக்கத்தான் சொல்லியிருப்பேன்."

நான் ஓரமாகப் போய் மூக்கைச் சிந்தினேன். குளிர்தான். டீ பதினைந்து ரூபாய், அன்றைக்குத் தேன் மாதிரி இருந்தது. இரண்டு கிடாவுக்குத்தான் இன்னும் வழி பார்க்கவில்லை.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. காலை பத்துக்கு முன்னால் ஏறிவிடுங்கள், பிறகு பனி மூடிவிடும். வாந்தி வருகிறவர்கள் முன் சீட்டில் உட்காருங்கள். டெஸ்ட்டுக்குப் போகிறவர்கள் கடைசியாகத் தப்புச் செய்து மூன்று மாதம் ஆகவில்லை என்றால் வெட்கப்படாமல் சொல்லுங்கள், இன்னொரு தடவை வரச் சொல்வார்கள். சுன்னத்து அவரவர் மார்க்கம், அதில் நாம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதைச் சாக்குச் சொல்லி ரத்தம் கொடுக்காமல் நழுவாதீர்கள். இன்னும் ஒன்று இருக்கிறது. பொண்ணு பார்க்கப் போகிற அன்றைக்கே, ஜாதகத்தை எடுக்கிறதுக்கு முன்னால் நீங்கள்...

"மாமா! ஐயர் கூப்புடுறாரு, செல்வி மணவறைக்கு வந்துட்டா. மாலையக் கொண்டாங்க, தாய்மாமன் இல்லாம எப்படி?"

இந்தா வந்துட்டேன்டா மாப்ளே, இவங்களுக்கு ஒரே ஒரு வரி, ஜாதகத்துக்கு முன்னால் டெஸ்ட்டுப் பேப்பரை...