யாரும் தேடாத மிஸ்டர் டூலன்

லண்டன் லூயிஷாமில் நான் வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கும் வேலை செய்த காலத்தில், காலை ஏழரைக்கு என் முதல் வீடு மிஸ்டர் டூலனுடையது. அயர்லாந்துக்காரர். எழுபத்திரண்டு வயது. கால்களில் வீக்கம், வாயில் ஒரு குறையும் இல்லை.

1942இல் அயர்லாந்து உலக யுத்தத்தில் சேராமல் ஒதுங்கியிருந்தது. அந்நாட்டுப் படையில் சிப்பாயாக இருந்த டூலன், சொல்லாமல் கொள்ளாமல் எல்லை தாண்டி, பிரிட்டிஷ் படையில் சேர்ந்து சண்டைக்குப் போனார். இங்கே பதக்கம் கொடுத்தார்கள். அங்கே ஓடிப்போனவர் என்று பதிந்தார்கள். பிடித்து அடைத்துவிடுவார்கள் என்ற பயத்தில் ஐம்பத்தொரு வருடம் அவர் ஊர்ப்பக்கமே போகவில்லை.

1993 வைகாசியில் அவருடைய அக்கா நோரா எழுதினார்: "ஆவணியில் எனக்கு எண்பது. நீ வராவிட்டால் இதுதான் கடைசிக் கடிதம்."

"அரசாங்கம் மன்னிப்புத் தந்தால்தான் போவேன்," என்றார் டூலன்.

வாதாட எனக்கு நேரமில்லை; எட்டரைக்கு அடுத்த வீடு. தோர்ண்டன் ஹீத்தில் நம் ஈழத்தமிழ் அகதிகளுக்கு மனு எழுதிக்கொடுக்கும் யோகராஜாவிடம் விபரத்தைக் கொண்டுபோனேன்.

"அக்கா, எங்கட சனம் திருப்பி அனுப்பாதேங்கோ எண்டெல்லோ கேக்கிறது. இந்த மனுசன் போக விடுங்கோ எண்டு கேக்குது!"

"முதல்ல எழுதும் தம்பி. பகிடியைப் பிறகு பாப்பம்."

ஆறு கிழமையில் டப்ளினிலிருந்து பதில் வந்தது. அவர்மீது எந்த நடவடிக்கையும் நிலுவையில் இல்லை, அவரை யாரும் தேடவில்லை, மன்னிப்பு வழங்க ஏற்பாடும் இல்லை.

டூலனுக்கு முகம் சிவந்துவிட்டது. "தேடவே இல்லையா? அப்படியானால் இவ்வளவு காலமும் யாருக்கு ஒளிந்திருந்தேன்?"

தொலைபேசியில் யோகராஜாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"ஒருத்தரும் தேடேல்லை எண்டு அரசாங்கமே எழுதித் தந்திருக்கோ! அக்கா, இப்பிடி ஒரு கடிதாசிக்கு எங்கட ஆக்கள் எத்தினை வருசமாக் காத்திருக்கினம்! ஆளை உடன கப்பல் ஏத்துங்கோ!"

அதை அப்படியே டூலனுக்குச் சொன்னேன். சிரித்தார். பிறகு முறுக்கிக்கொண்டார். "ஆனால் மன்னிப்பு இல்லையே."

"மன்னிப்பு அவர்கள் தர வேண்டியது. பயணம் நீங்கள் போக வேண்டியது. நோராவுக்கு எண்பது ஒரு தரம்தான் வரும். பெட்டி எங்கே?"

போனார். துறைமுகத்தில் சுங்க அதிகாரியிடம் முதல் வேலையாக அந்தக் கடிதத்தை நீட்டினாராம். "பெரியவர், பைக்குள் என்ன இருக்கிறது என்றுதான் கேட்டேன்," என்றாராம் அவர்.

மூன்று கிழமை இருந்து, நோராவோடு இரண்டு தரம் சண்டை பிடித்து, நாலு கிலோ கூடித் திரும்பினார். அடுத்த வருடமும் போனார். மன்னிப்பு வரவில்லை. மாதம் தவறாமல் டப்ளினுக்கு எழுதிக் கேட்டுக்கொண்டிருந்தார். தபாலில் போட்டவள் நான்.